தானே நகரும் பீரங்கி: நின்று, சுட்டு, கிளம்பும் நேரத்தின் கதை

தானே நகரும் பீரங்கிகள் எப்படி வளர்ந்தன? 1963-ல் படையில் சேர்ந்த அமெரிக்காவின் எம்109 இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போது நவீனமயமாக்கல் என்று எதைத்தான் சொல்கிறார்கள்? ட்ரோன்கள் வந்துவிட்ட காலத்தில் இந்தியா மேலும் 100 கே9 வஜ்ரா (தென்கொரியாவின் கே9 பீரங்கியின் இந்திய வகை) வாங்குவது சரியா? இப்படி மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் விடை ஒரே இடத்திலிருந்துதான் தொடங்குகிறது.

இந்த ஆயுதத்தைக் குண்டு போகும் தூரத்தை வைத்து அளப்பது வழக்கம். செய்திகளிலும் கிலோமீட்டர் கணக்குதான் முதலில் வரும். தூரம் முக்கியம், மறுக்கவில்லை. ஆனால் நான் நேரத்தை வைத்துத்தான் அளப்பேன். வண்டி வந்து நின்றதிலிருந்து, சுட்டுவிட்டு அந்த இடத்தைக் காலி செய்வது வரை எவ்வளவு நேரம் ஆகிறது? நூறாண்டுகளாகச் சேஸிஸ் (வண்டியின் அடிப்பகுதி), குழல், கணினி, குண்டு ஏற்றும் இயந்திரம் என்று ஒவ்வொன்றாக மாறிவந்ததற்குப் பின்னால் இந்தக் கேள்விதான் இருக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். படத்தில் பார்த்தால் கே9 வஜ்ரா டாங்கி போலவே இருக்கும். சங்கிலிப் பட்டை, சுழலும் கூடு, நீண்ட குழல் எல்லாம் உண்டு. ஆனால் டாங்கி தன் கண்ணுக்குத் தெரியும் எதிரியை நேராகச் சுடுகிறது, பெரும்பாலும் சில கிலோமீட்டருக்குள். தானே நகரும் பீரங்கி மலைக்கு அப்பால், தொடுவானத்துக்கு அப்பால் இருக்கும் இலக்கின்மீது வளைந்து விழும் குண்டை அனுப்புகிறது. சுடுபவர் இலக்கைப் பார்ப்பதே இல்லை. கவசமும் குண்டுச் சிதறல்களையும் இயந்திரத் துப்பாக்கித் தோட்டாக்களையும் தாங்கும் அளவுக்குத்தான். டாங்கியோடு நேருக்கு நேர் மோத நேர்ந்தால் அது பிழைக்காது.

பீரங்கியை வண்டிமேல் ஏற்றும் எண்ணம் முதல் உலகப் போரிலேயே வந்தது. சேற்றில் குதிரைகள் இழுக்க முடியாத பீரங்கிகளைச் சுமக்க 1917-ல் பிரிட்டன் ஒரு சங்கிலிப் பட்டை வண்டியைச் செய்தது. நடைமுறையில் அது பெரும்பாலும் குண்டும் சாமானும் சுமக்கத்தான் பயன்பட்டது. 1920-களில் வந்த பிர்ச் பீரங்கி நல்ல முயற்சி. அதையும் பிரிட்டன் கைவிட்டது. பிறகு வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் டாங்கிப் படை ஓடும் வேகத்துக்கு இழுவைப் பீரங்கிகள் ஈடுகொடுக்க முடியாமல் திணறியபோது, அவசர அவசரமாக வேலண்டைன் டாங்கியின் சேஸிஸில் 25 பவுண்டர் பீரங்கியைப் பெட்டி போன்ற ஒரு கூட்டுக்குள் வைத்தார்கள். பிஷப் என்று பெயர். அந்தக் கூட்டுக்குள் குழலை 15 டிகிரிக்கு மேல் உயர்த்த முடியவில்லை. தரையில் வைத்தால் 12 கிலோமீட்டர் எட்டும் அதே பீரங்கி, வண்டிக்குள் போனதும் அதில் பாதிதான் எட்டியது. வீரர்கள் மண்ணைக் குவித்துச் சரிவு கட்டி, வண்டியையே அதன்மேல் ஏற்றி, மூக்கைத் தூக்கிவைத்துச் சுட்டார்கள். நகர்வதற்காகச் செய்த வண்டிக்கு ஒவ்வொரு இடத்திலும் மண்மேடு கட்ட வேண்டியிருந்தது.

1942-ல் எல் அலமெய்ன் போருக்கு அமெரிக்காவின் எம்7 பிரீஸ்ட் வந்துசேர்ந்தபோதுதான் பிரிட்டிஷ் படைக்கு மூச்சு வந்தது. 105 மி.மீ. ஹோவிட்சர் (குண்டை உயர வளைத்து எறியும் பீரங்கி), எம்3 டாங்கியின் சேஸிஸ், மேலே கூரையற்ற திறந்த பெட்டி. ஜெர்மனியின் வெஸ்பே, ஹும்மல் ஆகியவையும் திறந்த மேல்பகுதி கொண்டவையே. திறந்திருந்தால் ஆட்கள் வேகமாக வேலை செய்யலாம், புகை தேங்காது, எடை குறையும். தலைக்கு மேல் குண்டு வெடித்தால் மட்டும் பாதுகாப்பு இல்லை.

அந்தக் கூரையை மூடவைத்தது அணுகுண்டு பயம். 1950-களில் ஐரோப்பாவில் அடுத்த போர் வந்தால் கதிர்வீச்சும் நச்சு வாயுவும் நிறைந்த களத்தில்தான் நடக்கும் என்று இரு தரப்பும் கணக்குப் போட்டன. எம்109 அந்தக் கணக்கில் பிறந்தது. அலுமினியக் கவசம், முழுவதும் மூடிய, முழுவட்டம் சுழலும் கூடு, 155 மி.மீ. ஹோவிட்சர். சோவியத் ஒன்றியம் 1970-களில் 122 மி.மீ. குவோஸ்திகாவையும் 152 மி.மீ. அகாத்சியாவையும் அதே பாணியில் கொண்டுவந்தது. இன்றுவரை வரும் சங்கிலிப் பட்டைப் பீரங்கிகள் எல்லாம் அந்த வடிவத்தின் வாரிசுகள்தான்.

எம்109-இன் முதல் வகையில் குழல் குட்டையானது, 23 காலிபர். 155 மி.மீ. வாயை 23 மடங்காக்கினால் சுமார் மூன்றரை மீட்டர் நீளம் வரும். தூரம் 14.6 கிலோமீட்டர். 1970-களின் தொடக்கத்தில் 39 காலிபர், அதாவது ஆறு மீட்டர் குழல் பொருத்தியதும் தூரம் 18 கிலோமீட்டரைத் தாண்டியது. பிறகு பல வகைகள் வந்தன. ஆனால் உண்மையான பாய்ச்சல் 1990-களின் தொடக்கத்தில் வந்த எம்109ஏ6 பாலாடின் வகையில்தான் நடந்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது கண்ணில் படாது என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

குண்டு சரியாக விழ வேண்டுமானால் பீரங்கிக்கு மூன்று விஷயங்கள் துல்லியமாகத் தெரிய வேண்டும். தான் எங்கே நிற்கிறது, குழல் எந்தத் திசையை நோக்குகிறது, இலக்கு எங்கே இருக்கிறது. மூன்றாவதை முன்னால் இருக்கும் பார்வையாளர் சொல்லிவிடுவார். முதல் இரண்டும்தான் பெரும்பாடு. அந்தக் காலத்தில் பீரங்கி அணி வருவதற்கு முன்பே நில அளவைக் குழு அந்த இடத்துக்குப் போய்விடும். தியோடலைட் போன்ற கோணமானியை நிறுத்தி, அறிந்த புள்ளிகளிலிருந்து அளந்து, பீரங்கிகள் நிற்க வேண்டிய இடத்தைக் குறிக்கும். பீரங்கிகள் வந்து வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றையும் கோணமானியோடு ஒப்பிட்டு ஒரே திசைக்குத் திருப்புவார்கள். குறிபார்க்கும் கம்புகளை நடுவார்கள். கட்டளை இடத்துக்கும் ஒவ்வொரு பீரங்கிக்கும் தொலைபேசிக் கம்பி இழுப்பார்கள். கணக்கிடுபவர்கள் அட்டவணையையும் அளவுகோலையும் வைத்து, காற்று, வெப்பம், உந்துமருந்தின் சூடு எல்லாவற்றையும் கழித்துக் கூட்டிக் கோணத்தைச் சொல்வார்கள். வண்டி மணிக்கு 50 கிலோமீட்டர் ஓடினாலும், வந்து நின்ற பிறகு இத்தனை வேலை பாக்கி இருந்தது. கிளம்பும்போது கம்பிகளைச் சுருட்ட வேண்டும், கம்புகளைப் பிடுங்க வேண்டும். அந்த நேரம் முழுவதும் அணியின் ஆறு பீரங்கிகளும் பக்கத்தில் பக்கத்தில், அசையாமல், ஒரே வயலில்.

பாலாடினில் ஒவ்வொரு வண்டிக்கும் சொந்த வழிகாட்டிக் கருவி, சொந்தக் கணினி, கட்டளையை எண்களாக வாங்கும் வானொலி. ஓடிக்கொண்டிருக்கும்போது கட்டளை வந்தால் நின்று, ஒரு நிமிடத்துக்குள் முதல் குண்டை அனுப்பிவிட்டு மீண்டும் ஓடலாம். நில அளவைக் குழு தேவையில்லை, கம்பி தேவையில்லை. பீரங்கிகள் ஒன்றையொன்று பார்த்து வரிசையில் நிற்க வேண்டிய கட்டாயமும் போயிற்று. ஒன்று இந்தத் தோப்பில், இன்னொன்று ஒரு கிலோமீட்டர் தள்ளி என்று பிரிந்து நின்றபடியே ஒரே இலக்கைத் தாக்கலாம். குழல் அதே 39 காலிபர்தான். நவீனமயமாக்கல் என்று எதைச் சொல்கிறார்கள் என்ற உங்கள் கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை என்னிடம் இல்லை.

அடுத்த வகையான எம்109ஏ7-இல் சேஸிஸையே மாற்றிவிட்டார்கள். பிராட்லி காலாட்படை வண்டியோடு என்ஜினும் பாகங்களும் பொதுவாயின. கூட்டைச் சுழற்றுவது ஹைட்ராலிக்கிலிருந்து மின்சாரத்துக்கு மாறியது. ஆக, எம்109 என்ற பெயர்தான் 60 ஆண்டு நீடிக்கிறது. வண்டி ஏறக்குறைய முழுவதுமாக மாறிவிட்டது.

ஏன் இந்த அவசரம்? எதிர்ப் பீரங்கி ரேடார்தான் காரணம். பறந்துவரும் குண்டின் பாதையில் ஒரு சிறு பகுதியை ரேடார் பிடித்தால் போதும், கணினி அந்த வளைவைப் பின்னோக்கி நீட்டி, எங்கிருந்து சுட்டார்கள் என்று சொல்லிவிடும். முப்பது கிலோமீட்டர் போக வேண்டிய குண்டு ஒரு நிமிடத்துக்கும் மேலாக வானில் இருக்கும். அது தரையைத் தொடும் முன்பே எதிரிக்கு உங்கள் முகவரி தெரிந்திருக்கலாம். பதில் குண்டு வந்துசேர இன்னும் சில நிமிடங்கள். அதற்குள் நீங்கள் அங்கே இருக்கக் கூடாது. 'சுட்டுவிட்டு ஓடு' என்ற போர்முறை இந்தக் கணக்கிலிருந்து வந்தது.

இதே கணக்குதான் குண்டு ஏற்றுவதையும் இயந்திரமாக்கியது. 155 மி.மீ. குண்டு ஒன்று 43 கிலோவுக்கு மேல் எடை. அதை மனிதன் தூக்கி ஏற்றும்போது முதல் சில குண்டுகளுக்கு வேகம் இருக்கும், பிறகு கை தளரும். இதை முதலில் முழுமையாகத் தீர்த்தவர்கள் ஸ்வீடன்காரர்கள். 1960-களின் பிற்பகுதியில் போஃபர்ஸ் நிறுவனம் செய்த பாண்ட்கானோன் 14 குண்டுகளை 45 நொடியில் சுட்டுத் தள்ளியது. 53 டன் எடை, ஆமை வேகம், ஆனால் அந்தச் சுடுவேகம் அன்றைக்கு யாரிடமும் இல்லை. 1998-ல் வந்த ஜெர்மனியின் பன்ஸர்ஹௌபிட்ஸே 2000 அறுபது குண்டுகளைத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டு, பத்து குண்டுகளை ஒரு நிமிடத்துக்குள் அனுப்பும். கோணத்தையும் உந்துமருந்தின் அளவையும் மாற்றி மாற்றிச் சுட்டு, அடுத்தடுத்து அனுப்பிய குண்டுகள் ஒரே நேரத்தில் இலக்கில் விழும்படியும் செய்யும். தாக்குதலின் முதல் சில நொடிகளில்தான் எதிரில் இருப்பவர்கள் திறந்தவெளியில் நிற்பார்கள், பிறகு பதுங்கிவிடுவார்கள். அதனால் இந்த ஏற்பாடு வெறும் வித்தையல்ல.

தூரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இங்கே ஒரு மனிதரின் பெயரைத் தவிர்க்க முடியாது: கனடாவின் ஜெரால்டு புல். குண்டின் உடலை ஒல்லியாக நீட்டி, அடியில் சிறு வாயு எரியூட்டியைப் பொருத்தினால் பின்புறம் உருவாகும் இழுவை குறைந்து தூரம் கணிசமாகக் கூடும். இந்த இரண்டையும் 45 காலிபர் குழலோடு சேர்த்து நடைமுறைக்குக் கொண்டுவந்ததில் அவருடைய பங்கு பெரிது. நிறவெறி ஆட்சியில் இருந்த தென்னாப்பிரிக்காவுக்கு அவர் தொழில்நுட்பத்தைக் கொடுத்தார். அதற்காக அமெரிக்காவில் சிறை சென்றார். 1990-ல் பிரஸ்ஸல்ஸில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தத் தொழில்நுட்பத்தில்தான் தென்னாப்பிரிக்காவின் ஜி5 இழுவைப் பீரங்கியும், ஆறு பெரிய சக்கரங்களில் ஓடும் ஜி6-உம் வந்தன. சக்கரத்திலும் 155 மி.மீ. பீரங்கி நிற்கும் என்று அங்கோலா போரில் காட்டியது ஜி6. பிற்பாடு நேட்டோ நாடுகள் 52 காலிபர் குழலையும் உந்துமருந்து எரியும் 23 லிட்டர் வெடியறையையும் பொதுத் தரமாக ஏற்றன. இன்று 155 மி.மீ., 52 காலிபர் என்றால் சாதாரணக் குண்டில் 30, எரியூட்டிக் குண்டில் 40 கிலோமீட்டர் என்பது பொதுக் கணக்கு. குண்டும் உந்துமருந்தும் நாட்டுக்கு நாடு பகிரத்தக்கவை ஆனதற்கும் இந்தத் தரம்தான் காரணம்.

அதற்கு மேல் போக முயன்றவர்கள் அடிபட்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் குரூஸேடர் என்ற தானே நகரும் பீரங்கித் திட்டம் எடையாலும் விலையாலும் 2002-ல் ரத்தானது. பிறகு 58 காலிபர், ஒன்பது மீட்டர் குழலுடன் ஒரு பீரங்கியைச் செய்தார்கள். 2020 டிசம்பரில் யூமா சோதனைத் தளத்தில் 70 கிலோமீட்டர் தள்ளி இருந்த இலக்கை வழிகாட்டுக் குண்டால் அடித்தும் காட்டினார்கள். ஆனால் குழல் மிக விரைவாகத் தேய்ந்தது. 2024-ல் அந்தத் திட்டமும் கைவிடப்பட்டது. பாதுகாப்புச் செய்திகளில் தூரத்தைப் படிக்கும்போதெல்லாம் எத்தனை குண்டுக்குப் பிறகு குழலை மாற்ற வேண்டும் என்று கேளுங்கள். பெரும்பாலும் அந்த எண் அங்கே இருக்காது.

இப்போது கே9-க்கு வருகிறேன். தென்கொரியா 1989-ல் உருவாக்கத் தொடங்கி 1999-ல் படையில் சேர்த்த பீரங்கி இது. 155 மி.மீ., 52 காலிபர், 47 டன், 1000 குதிரைத்திறன் கொண்ட ஜெர்மன் வடிவமைப்பு என்ஜின், ஐந்து பேர். எண்ணெயும் வாயுவும் கொண்டு அதிர்வைத் தாங்கும் ஹைட்ரோ நியூமேடிக் சஸ்பென்ஷன் பின்னுதைப்பை வாங்கிக்கொள்வதால் பின்னால் மண்ணில் ஊன்றும் தகடுகள் தேவையில்லை. நின்றதும் சுடலாம், சுட்டதும் நகரலாம். மூன்று குண்டுகளை 15 நொடியில் அனுப்பும். ஜெர்மானியப் பீரங்கியைவிட எளிமையானது, விலை குறைவு, கேட்ட நேரத்தில் செய்து தருகிறார்கள். துருக்கி, போலந்து, பின்லாந்து, நார்வே, எஸ்டோனியா, எகிப்து, ஆஸ்திரேலியா என்று பரவியதற்கு இவைதான் காரணம். போலந்தின் கதையில் ஒரு பாடமும் இருக்கிறது. பிரிட்டனின் ஏஎஸ்-90 பீரங்கியின் கூட்டைத் தங்கள் நாட்டுச் சேஸிஸில் வைத்துக் கிராப் என்ற பீரங்கியைச் செய்தார்கள். சேஸிஸில் விரிசல் விழுந்தது. கௌரவம் பார்க்காமல் கே9 சேஸிஸை வாங்கி மாற்றினார்கள், திட்டம் பிழைத்தது.

ஆனால் கே9 சந்தித்த முதல் சோதனை பெருமைப்படத்தக்கதாக முழுவதும் அமையவில்லை. 2010 நவம்பர் 23 அன்று வடகொரியா யோன்பியோங் தீவின்மீது குண்டு பொழிந்தது. தீவில் ஆறு கே9 இருந்தன. சில பீரங்கிகள் உடனடியாகச் சுட முடியாத நிலையில் இருந்தன. முதல் சரமாரி எங்கிருந்து வந்தது என்பதை ரேடார் கண்டுபிடிக்கவில்லை. பதில் குண்டு கிளம்ப 13 நிமிடம் ஆனது. நான்கு பேர் இறந்தார்கள். பீரங்கி சில நொடிகளில் சுடக்கூடியது, ஆனால் எங்கே சுடுவது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. நேரத்தை அளக்கும்போது பீரங்கியை மட்டும் அளந்தால் போதாது என்று நான் சொல்வது இதனால்தான். ரேடார், பார்வையாளர், வானொலி எல்லாம் சேர்ந்த சங்கிலியின் மொத்த நேரம்தான் கணக்கு.

உக்ரைன் போர் இந்தக் கணக்கை இன்னொரு பக்கம் திருப்பிவிட்டது. 2022 கோடையில் பன்ஸர்ஹௌபிட்ஸே, பிரான்ஸின் சீசர், போலந்தின் கிராப், பழைய எம்109 எல்லாம் அங்கே போய்ச் சேர்ந்தன. முதல் சில மாதங்களிலேயே ஜெர்மன் பீரங்கிகள் கோளாறு காட்டத் தொடங்கின. நாளொன்றுக்கு 100 குண்டு என்பதையே ஜெர்மன் இராணுவம் கடும் பயன்பாடாகக் கருதியது. உக்ரைனியர்கள் அதைப்போல் பல மடங்கு சுட்டார்கள். பழுதுபார்க்க லிதுவேனியா வரை கொண்டுபோக வேண்டியிருந்தது. பத்துக் குண்டை ஒரு நிமிடத்தில் அனுப்பும் வித்தையைவிட, வயல்வெளியிலேயே பழுதுபார்க்கத்தக்க எளிமை அங்கே அதிகம் மதிக்கப்பட்டது.

பிறகு ட்ரோன்கள். முன்பு பயம் ரேடாருக்கு மட்டும்தான். சுட்டால்தான் ரேடார் கண்டுபிடிக்கும். ட்ரோன், சுடாமல் நிற்பதையும் பார்க்கும், சாலையில் ஓடுவதையும் பார்க்கும். ரஷ்யாவின் லான்செட் போன்ற தற்கொலை ட்ரோன்கள் நகர்ந்துகொண்டிருக்கும் பீரங்கியைத் தேடிப் பிடித்து அடித்தன. ஆகவே பல இடங்களில் உக்ரைனியர்கள் மரவரிசைக்குள் ஆழக் குழி வெட்டி, மேலே வலை கட்டி, பீரங்கியை உள்ளே நுழைத்து, சில குண்டுகளைச் சுட்டுவிட்டு அங்கேயே ஒளிந்திருக்கத் தொடங்கினார்கள். ஓடுவதுதான் ஆபத்து என்றால் ஓடாமல் இருப்பதே மேல் என்ற கணக்கு. அவர்கள் லாரிமேல் ஏற்றிச் செய்துவந்த போஹ்டானா பீரங்கிக்கு இழுவை வகை ஒன்றையும் உருவாக்கியது இந்தப் பின்னணியில்தான்.

இதைப் பார்த்து 'தானே நகரும் பீரங்கியின் காலம் முடிந்தது' என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. குழிக்குள் ஒளிந்த பீரங்கியும் ஒருநாள் கண்டுபிடிக்கப்படும். அன்றைக்கு இழுவைப் பீரங்கியை வண்டியில் கோத்து வெளியே எடுக்க வேண்டும், ஆட்கள் திறந்தவெளியில் நின்று வேலை செய்ய வேண்டும். கவசத்துக்குள் இருப்பவர்கள் சிறு ட்ரோன் மோதியும் பல நேரங்களில் உயிரோடு இறங்கியிருக்கிறார்கள். வண்டியைச் சரிசெய்யலாம். பயிற்சி பெற்ற குழுவை அவ்வளவு எளிதில் உருவாக்க முடியாது. என் கணிப்பில் மாறப்போவது இதுதான்: எப்போதும் ஓடு என்பதற்குப் பதிலாக, ஒளிந்திரு, தேவையான அந்தக் கணத்தில் மட்டும் மிக வேகமாக ஓடு. அதற்கு நின்று கிளம்பும் நேரம் முன்னைவிடக் குறைய வேண்டும், வண்டிக்குள் ஆட்கள் குறைய வேண்டும்.

ஸ்வீடனின் ஆர்ச்சர் இந்தப் பக்கம்தான் போகிறது. சக்கர வண்டி, 21 குண்டுகள் கொண்ட தானியங்கி ஏற்றி, மூன்று நான்கு பேர் முன்னால் கவச அறையில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் இயக்குகிறார்கள். யாரும் இறங்குவதே இல்லை. அதன் பீரங்கி நம் படைக்கு 1986-ல் வாங்கிய போஃபர்ஸ் எஃப்எச்-77 பீரங்கியின் குடும்பத்திலிருந்து வளர்ந்தது. ஜெர்மனியின் ஆர்சிஎச் 155 இரண்டே பேரோடு, ஓடிக்கொண்டே சுடும் அளவுக்கு வந்திருக்கிறது. கொரியாவும் குண்டு, உந்துமருந்து இரண்டையும் இயந்திரமே ஏற்றி, மூன்று பேர் போதும் என்ற கே9ஏ2 வகையைச் செய்திருக்கிறது. மறுபக்கம் பிரான்ஸின் சீசர்: சுமார் 18 டன், ஆறு சக்கர லாரி, கவசம் குறைவு, ஆட்கள் இறங்கித்தான் ஏற்ற வேண்டும். ஆனால் விலை குறைவு, நெடுஞ்சாலையில் தானே போகும், விமானத்தில் ஏறும்.

இனி இந்தியா. இதை எழுதும்போது வருத்தமும் கோபமும் சேர்ந்தே வருகின்றன. ஆவடியில் கட்டிய விஜயந்தா டாங்கியின் சேஸிஸை நீட்டி, அதன்மேல் ரஷ்ய 130 மி.மீ. எம்-46 பீரங்கியை வைத்து 1980-களில் கேட்டபல்ட் என்ற பீரங்கியைச் செய்தோம். 27 கிலோமீட்டர் எட்டும் நல்ல பீரங்கி. தலைக்கு மேல் ஒரு கவசத் தகடு, மற்றபடி ஆட்கள் திறந்தவெளியில். தற்காலிக ஏற்பாடாக நினைத்த அது பல பத்தாண்டுகள் ஓடியது. காரணம், அதன் இடத்துக்கு வர வேண்டியது வரவில்லை. தென்னாப்பிரிக்க டெனெல் நிறுவனத்தின் டி6 கூட்டை நம் அர்ஜுன் டாங்கியின் சேஸிஸில் வைத்துப் பீம் என்ற பீரங்கி தயாராகிக்கொண்டிருந்தது. 155 மி.மீ., 52 காலிபர். 2005-ல் வேறொரு ஆயுத ஒப்பந்தம் தொடர்பான லஞ்சப் புகாரில் டெனெலுடனான எல்லா உறவும் முறிந்தது, பீமும் அதோடு போயிற்று. போஃபர்ஸ் ஊழலுக்குப் பிறகு பீரங்கி என்ற சொல்லைக் கேட்டாலே கையெழுத்துப் போட அஞ்சும் நிலை டெல்லியில் இருந்தது. புகாரை விசாரிக்க வேண்டும், தவறு செய்தவரைத் தண்டிக்க வேண்டும். ஆனால் எல்லையில் நிற்பவனின் கையில் இருக்க வேண்டிய பீரங்கி அதற்கு விலையாகக் கூடாது. 1986-க்குப் பிறகு அடுத்த புதிய 155 மி.மீ. பீரங்கிகள் படையில் முறைப்படி சேர்ந்தது 2018 நவம்பரில், தேவ்லாலியில். அமெரிக்காவின் எம்777 இழுவைப் பீரங்கியும் கே9 வஜ்ராவும் அன்று சேர்ந்தன.

வஜ்ரா ரஷ்யப் பீரங்கியோடு போட்டிச் சோதனையில் வென்று, 2017-ல் 100 பீரங்கிகளுக்கு ஒப்பந்தமானது. எல் அண்ட் டி நிறுவனம் குஜராத்தின் ஹசீராவில் கட்டி, நூறாவது பீரங்கியை 2021 பிப்ரவரியில் ஒப்படைத்தது. ராஜஸ்தான் பாலைவனத்துக்காக வாங்கியவை இவை. அதற்குள் 2020-ல் லடாக்கில் சீனாவோடு மோதல் வந்தது. சில பீரங்கிகளை மேலே கொண்டுபோய்ப் பார்த்தார்கள். காற்று அடர்த்தி குறைந்த உயரத்தில் என்ஜின் திணறும், ஆனால் அதே மெல்லிய காற்றில் குண்டு கூடுதல் தூரம் போகும். குளிருக்கான துணைக் கருவிகளோடு அவை அங்கே நிலைகொண்டன. கிழக்கு லடாக்கின் அகன்ற சமவெளிகளில் சங்கிலிப் பட்டைப் பீரங்கிக்கு வேலை இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் 2024 டிசம்பரில் மேலும் 100-க்கு, சுமார் 7,629 கோடி ரூபாய்க்கு, ஒப்பந்தம் கையெழுத்தானது.

அது சரியா என்று கேட்டீர்கள். சரி என்றுதான் சொல்வேன். டாங்கிப் படையோடு பாலைவனத்திலும் சமவெளியிலும் கூடவே ஓடக்கூடிய, கவசம் உள்ள பீரங்கி நமக்கு வேறு இல்லை. பயிற்சி, உதிரிபாகம், உற்பத்தி வரிசை எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. ஆனால் என் கவலை வேறு இடத்தில் இருக்கிறது. 1999-ல் வகுத்த பீரங்கித் திட்டத்தில் சங்கிலிப் பட்டைப் பீரங்கிகள் 100 தான். லாரிமேல் ஏற்றிய பீரங்கிகள் 814 என்று எழுதினார்கள். அந்த 814-இல் ஒன்றுகூட வராமல் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டது. மலைச் சாலைகளுக்கும் வடகிழக்குக்கும் 47 டன் வஜ்ரா பொருந்தாது, சீசர் வகையான லாரிப் பீரங்கிதான் பொருந்தும். நம்முடைய 155 மி.மீ., 52 காலிபர் ஏடாக்ஸ் இழுவைப் பீரங்கி 307-க்கு 2025 மார்ச்சில் ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. அதே பீரங்கியை எட்டுச் சக்கர லாரியில் ஏற்றும் பணியும் நடக்கிறது. பாரத் போர்ஜ் குழுமம் நான்கு சக்கர லாரியில் 39 காலிபர் பீரங்கியை ஏற்றிக் காட்டியிருக்கிறது. இந்த வரிசை வேகமாக நகர வேண்டும். வஜ்ராவின் மூன்றாவது நூறைவிட முதல் நூறு லாரிப் பீரங்கிகளே எனக்கு அவசரமாகத் தோன்றுகின்றன.

குண்டுகளிலும் கவனம் தேவை. வழிகாட்டுக் குண்டுகள் உக்ரைனில் மின்னணு இடையூறால் திறன் இழந்தன. ஜி.பி.எஸ்.ஸை மட்டும் நம்பும் குண்டுகளை வாங்கிக் குவிப்பது புத்திசாலித்தனமல்ல. சாதாரணக் குண்டின் தூரத்தைக் கூட்ட, காற்றை உள்ளிழுத்து எரிபொருளை எரிக்கும் ராம்ஜெட் உந்துதல் கொண்ட 155 மி.மீ. குண்டு ஒன்றைச் சென்னை ஐ.ஐ.டி.யில் உருவாக்கிவருகிறார்கள். அது வெற்றி பெற்றால் குழலை நீட்டாமலே தூரம் கூடும். 58 காலிபர் குழலில் அமெரிக்கர்கள் பட்ட பாட்டை நாம் படவேண்டியதில்லை. இரண்டாவது நூறு வஜ்ராவோடு எத்தனை எதிர்ப் பீரங்கி ரேடார்கள், எத்தனை கண்காணிப்பு ட்ரோன்கள், ட்ரோன் தடுப்புக் கருவிகள் சேர்கின்றன என்பதையும் கவனித்துவாருங்கள். ஒப்பந்தத் தொகையைவிட அந்த எண்களிலிருந்துதான் ஒரு வஜ்ரா ரெஜிமெண்ட் முதல் குண்டை எத்தனை நிமிடத்தில் சரியான இடத்துக்கு அனுப்பும் என்பது தெரியும்.